குவியாத லென்ஸும் கொங்கு நாட்டு மரையும்

கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் மரபீரோவின் மேல்தட்டைத் துழாவினால் தோல் உறைக்குள் ஒரு கேமரா கிடைக்கும். அது அக்ஃபாவின் மடிப்புக் கேமராவாக இருக்கலாம். கல்யாண வீடுகளில் படமெடுத்த மாமாவின் யாஷிகா மேட்டாக இருக்கலாம். ஒரு காலத்தில் இங்கே நிறைய விற்ற சோவியத் ஜெனிட்டாகவும் இருக்கலாம். வீட்டுப் பிள்ளை அதை எடுத்துத் துடைத்து, கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏனுங்க மாமா, இது ஃபோகஸே ஆவ மாட்டேங்குதுங்க."

அந்த ஒரு வரிக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. வளையம் சுற்றவே சுற்றாமல் இறுகிக் கிடப்பது ஒன்று. வளையம் சுற்றுகிறது, ஆனால் லென்ஸ் முன்னும் பின்னும் நகரவில்லை என்பது இன்னொன்று. பக்கத்திலிருப்பது தெளிகிறது, தூரத்து மலை தெளியவில்லை என்பது மூன்றாவது. எல்லாம் ஒழுங்காக நகர்ந்தும் எந்தத் தூரத்திலும் கூர்மை வராதது நான்காவது. நான்குக்கும் மருந்து வேறு. எது என்று தெரிந்துகொள்ளாமல் திருப்புளியை எடுத்ததால் பாழான லென்ஸ்கள், வயதானதால் பாழானவற்றைவிட அதிகம் என்பது இத்தனை வருடம் இவற்றைத் திறந்து மூடியதில் நான் கண்டது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி கெட்டுப்போனதால் குவியாமல் போன லென்ஸ் அபூர்வம். கெடுவது மரை, மரையில் தடவிய கிரீஸ், மரையைப் பிடித்திருக்கும் பொடித் திருகு. அதாவது இது கண்ணாடிக்காரர் வேலை என்பதைவிட லேத்துக்காரர் வேலை. மரை வெட்டுவதில் கோவைக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை.

படக்கருவியும் இந்த ஊருக்குப் புதிதல்ல. ரயில்வேயில் வரைவாளராக இருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரும் படச்சுருளும் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். 1914-இல் அவர் கட்டிய வெரைட்டி ஹாலின் பெயர் இன்றும் ஒரு சாலைக்கு இருக்கிறது. 1930-களில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ வந்தது. பிறகு புலியகுளத்தில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா வந்தது. 1954-இல் வெளியான ‘மலைக்கள்ளன்’ பட்சிராஜாவின் படம். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ். மலையேறினால் ஊட்டியில், 1960-இல் அமைக்கப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் அங்கிருந்துதான் நாடெங்கும் போனது. இன்று அந்த ஆலை மூடிக் கிடக்கிறது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது ஜி.டி. நாயுடுவைப் பற்றிய ஒரு சிறு குறிப்பு. கலங்கலில் 1893-இல் பிறந்த அவரை மோட்டாருக்காகவும் சவர பிளேடுக்காகவும் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் படமெடுப்பதில் தீராத ஆசை கொண்டவர். 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தவர். அவருடைய கண்டுபிடிப்புகளின் பட்டியலில், சினிமா கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவி என்று ஒன்று இருக்கிறது. லென்ஸுக்கும் பொருளுக்குமான தூரத்தைச் சரியாக வைப்பது ஒரு பட்டறைப் பிரச்சினை என்று அவர் அன்றே எண்ணியிருக்கிறார்.

எவ்வளவு நுணுக்கமான பிரச்சினை என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். 50 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொள்வோம். வானமும் மலையும் தெளியும் நிலையிலிருந்து, 1 மீட்டர் தூரத்தில் இருக்கும் முகம் தெளிய அது முன்னே வரவேண்டியது சுமார் 2.6 மி.மீ. அரை மீட்டருக்கு 5.6 மி.மீ. பத்து மீட்டருக்கு வெறும் கால் மில்லிமீட்டர். திருப்பிப் பாருங்கள்: எங்கோ ஒரு வாஷர் மாறி, லென்ஸ் 0.1 மி.மீ. முன்னே தள்ளி உட்கார்ந்துவிட்டால், வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்தாலும் அது தெளிவாகக் காட்டுவது 25 மீட்டரில் நிற்கும் புளியமரத்தைத்தான். அதற்குப் பின்னால் இருக்கும் மருதமலை மங்கிப்போகும். ஒரு தாளின் கனம்தான் 0.1 மி.மீ.

ஆகவே முதல் சோதனைக்குத் திருப்புளி வேண்டாம். லென்ஸைக் கழற்ற முடிந்தால் கழற்றி, வெளிச்சமான ஜன்னலுக்கு எதிரே வெள்ளைத் தாளைப் பிடித்து, லென்ஸால் ஜன்னலின் படத்தை அதில் விழச் செய்யுங்கள். கம்பிகளும் வேப்பிலையும் தலைகீழாக, கூர்மையாக விழுந்தால் கண்ணாடி நலம், குற்றம் நகர்வில். படம் எங்கே பிடித்தாலும் பால் படிந்த மாதிரி இருந்தால், அது வேறு வழக்கு. அடுத்து, வளையத்தைச் சுற்றும்போது காதருகே வைத்துக் கேளுங்கள். மணல் நெரியும் ஒலி வந்தால் மரைக்குள் தூசி. நம் ஊரில் அது பஞ்சாகவும் இருக்கும். மில் வீதிகளில் வளர்ந்த கேமராக்களில் கிரீஸோடு பஞ்சு கலந்து நூலாய்த் திரிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். முன்வளையத்தில் நசுங்கல் இருக்கிறதா, திருகுத் தலைகளில் யாரோ ஏற்கெனவே கைவைத்த கீறல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால், இனி காண்பது எதுவும் தயாரித்தவன் வைத்தபடி இருக்கும் என்று நம்பாதீர்கள்.

இறுகிய வளையத்துக்கு வருவோம். வருகிறவற்றில் பாதிக்கு மேல் இதுதான். கிரீஸ் என்பது சோப்பில் தங்கவைத்த எண்ணெய். நாற்பது ஐம்பது வருடத்தில் எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் போய்விட, சோப்பு மட்டும் மெழுகாய் நிற்கிறது. ஈரோடு, கரூர் வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ தகரக் கூரைக்கடியிலோ கிடந்த லென்ஸில் இது இன்னும் விரைவாக நடக்கும். சோவியத் லென்ஸ்களில் இது சர்வ சாதாரணம். ஜெனிட்டோடு வந்த ஹீலியோஸ் 44, அதாவது 58 மி.மீ. எஃப்/2, ஜெர்மனியின் பயோட்டரைப் பின்பற்றிச் செய்த அருமையான கண்ணாடி. ஆனால் பழைய கிரீஸோடு அதைச் சுற்றுவது கட்டிப்போன வெல்லப்பாகுக்குள் கரண்டியைச் சுழற்றுவது போல.

அக்ஃபாவின் கதை இன்னும் கடினம். ஐசோலெட் போன்ற மடிப்புக் கேமராக்களில் முன் கண்ணாடி மட்டும் தன் பித்தளை மரையில் சுற்றி முன்னே வந்து ஃபோகஸ் செய்யும். அந்த மரையில் தடவிய கிரீஸ் பித்தளையிலிருக்கும் செம்போடு சேர்ந்து காலப்போக்கில் பச்சை நிறமாகி, கோந்தைப் போல இறுகிவிடுகிறது. உலகெங்கும் பழைய கேமராக்காரர்கள் இந்தப் பச்சையைக் கண்டு பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். இதில் ஒரு பொறி உண்டு. பலத்தைக் கொடுத்துச் சுற்றினால் வளையம் சுற்றத்தான் செய்யும். ஆனால் சுற்றுவது முன் கண்ணாடி தனியாக அல்ல. அதோடு ஒட்டிக்கொண்ட நடுக் கண்ணாடியும் சேர்ந்து ஷட்டரிலிருந்து கழன்று வருகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறாததால் எவ்வளவு சுற்றினாலும் ஃபோகஸ் வராது. சுற்றுகிறதே, பிறகு ஏன் குவியவில்லை என்று குழம்புவது இங்கேதான்.

சின்ன வயதில் நான் செய்த தவறும் இதுதான். எங்கள் சித்தப்பாவின் ஐசோலெட் இறுகிக் கிடந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பக்கத்து வீடு. தையல் மிஷின் எண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை. இரண்டு சொட்டு விட்டேன். வளையம் கொஞ்சம் இளகியது, மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு மாதத்தில் ஷட்டர் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கண்ணாடியின் உட்புறம் முழுக்க ஆவி படிந்திருந்தது. மெல்லிய எண்ணெய் மரையில் நிற்காது, ஊர்ந்து போகும். துருநீக்கி ஸ்பிரேயும் அப்படியே. வெளியிலிருந்து எண்ணெய் விட்டுக் குணமான லென்ஸ் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

சரியான வழி மெதுவானது. முன் கண்ணாடியையும் நடுக் கண்ணாடியையும் சேர்த்தே கழற்றி, மரையோரம் லைட்டர் பெட்ரோலோ அசிட்டோனோ ஊறவிட்டு, தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டி, ரப்பர் கொண்டு பிடித்துத் திருகிப் பார்க்க வேண்டும். வராவிட்டால் மீண்டும் ஊறல், மீண்டும் சூடு. மூன்று நாளும் ஆகும், ஒரு வாரமும் ஆகும். ஐசோலெட்டின் அக்னார், அப்போட்டார் லென்ஸ்களில் மூன்றுமே தனித்தனிக் கண்ணாடி, ஒட்டுப்பசை கிடையாது. அதனால் ஊறலுக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் இரண்டு கண்ணாடிகளைப் பசையால் ஒட்டிய பகுதி எந்த லென்ஸில் இருந்தாலும் அதற்குச் சூடும் கரைப்பானும் பகை. அசிட்டோன் எழுத்துகளின் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானிய லென்ஸ்களின் கூட்டல்குறித் திருகு, கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. நுனி வழுக்கித் தலையைத் தின்னும். ஜப்பானிய அளவுத் திருப்புளி தனியாக வாங்க வேண்டும். பெயர் பொறித்த முன்வளையத்தைக் கழற்ற, விட்டத்துக்கேற்ற ரப்பர் தேவை. பம்ப்செட்டுக்கு விற்கும் ரப்பர் வாஷரும் பழைய சைக்கிள் டியூப்பும் போதும். அதற்கென வெளிநாட்டிலிருந்து செட் வரவழைக்க வேண்டியதில்லை. இரண்டு முனை ஸ்பேனரைப் பழைய காம்பஸ் முனைகளைத் தீட்டியே செய்துகொள்ளலாம். பொடித் திருகு அசையாவிட்டால் அதன் தலையில் பூசிய அரக்கு காரணம். ஒரு துளி அசிட்டோன் வைத்து ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

இனி இந்த வேலையின் உயிர்நாடிக்கு வருகிறேன். எஸ்.எல்.ஆர். லென்ஸ்களில் கண்ணாடிக் கூட்டம் முழுவதையும் முன்னே தள்ளுவது பெரிய விட்டமுள்ள மரைக் குழாய். ஹெலிகாய்டு என்பார்கள். முக்கால் சுற்றுகூட இல்லாத திருகலில் ஐந்தாறு மில்லிமீட்டர் முன்னேற வேண்டும் என்பதால் இதில் ஒற்றை மரை உதவாது. ஒரே குழாயில் பல மரைகள் இணையாக ஓடும். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ஹீலியோஸின் ஹெலிகாய்டைக் காட்டியபோது, பட்டறைக்காரர் அதை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவினார். "மல்டி ஸ்டார்ட்டுங்க இது. எந்த வாய்ல கழண்டுதோ அதே வாய்லதானுங்க ஏத்தோணும். குறி போட்டீங்களா?" என்றார். நான் போட்டிருந்தேன். அவர் கேட்ட அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை முழுவதற்கும் மையம்.

ஏனென்றால் மரைக்கு எத்தனை வாய் உண்டோ அத்தனை இடங்களில் அது ஏறும். ஆனால் ஒன்றே ஒன்றில்தான் முடிவிலி சரியாக வரும். மற்றவற்றில் லென்ஸ் சுகமாகச் சுற்றும், அழகாக நகரும், மலையை மட்டும் தெளிவாகக் காட்டாது. ஆகவே பிரிப்பதற்கு முன் இரண்டு குழாயின் குறுக்கே ஊசியால் ஒரு கோடு. வளையத்தை முடிவிலியில் வைத்து ஒரு போட்டோ. பிறகு மெல்லத் திருகி, மரை விட்டு விலகும் அந்தக் கணத்தில் மீண்டும் இரண்டின் குறுக்கே இன்னொரு கோடு. கடைசிக் கோடுதான் உயிர். அது ‘டக்’ என்று விரலில் தெரியும். தவறவிட்டால், ஒவ்வொரு வாயிலும் ஏற்றிப் பார்த்து, மலையைப் பார்த்து, இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும்.

பிரித்தபின் பழைய கிரீஸைக் குச்சியாலும் பெட்ரோலாலும் துளி மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும். மரையை எமரித் தாளால் தேய்க்கவே கூடாது. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் ஜோடி போட்டு, ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்திய மரை அது. அந்த ஜோடிக்கு மாற்று எங்கும் விற்பதில்லை. புது கிரீஸ் மிகக் குறைவாக, மரையின் பள்ளத்தில் ஈரம் தெரியும் அளவுக்குப் போதும். மோட்டார் பேரிங் கிரீஸ் இங்கே எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைத் தடவாதீர்கள். வெயிலில் எண்ணெய் பிரிந்து அப்பெர்ச்சர் இதழ்களுக்குப் போய்விடும். லென்ஸ் மரைக்கென்றே கெட்டியான, எண்ணெய் பிரியாத கிரீஸ் விற்கிறது. ஒரு சின்ன டப்பி பல லென்ஸுக்கு வரும்.

வளையம் சுற்றியும் நகராத லென்ஸுக்குச் சுருக்கமான பதில் போதும். வெளி வளையத்தைப் பிடித்திருக்கும் மூன்று பொடித் திருகு தளர்ந்து வளையம் மட்டும் வழுக்குகிறது. அல்லது உட்குழாய் தானும் சேர்ந்து சுற்றாமல் தடுக்கும் வழிகாட்டிச் சாவியின் திருகு கழன்றிருக்கிறது. இரண்டும் அரைமணி வேலை.

மூன்றாவது கோளாறில், அதாவது மலை தெளியாததில், பல நேரம் லென்ஸ் நிரபராதி. இப்போதைய பிள்ளைகள் பழைய லென்ஸை டிஜிட்டல் கேமராவில் அடாப்டர் வைத்து மாட்டுகிறார்கள். எம்42 மரை லென்ஸ் தன் உட்காரும் முகத்திலிருந்து ஃபிலிம் 45.46 மி.மீ. தள்ளி இருப்பதாக எண்ணிச் செய்யப்பட்டது. நிக்கான் எஸ்.எல்.ஆரில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. இந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தால், கண்ணாடி இல்லாத அடாப்டர் வைத்து ஹீலியோஸை நிக்கானில் மாட்டினால் சுமார் 3.3 மீட்டருக்கு அப்பால் எதுவுமே தெளியாது. கேனான் இ.ஓ.எஸ்ஸில் 44 மி.மீ.தான் என்பதால் அடாப்டருக்கு இடம் இருக்கிறது; மிரர்லெஸ் கேமராக்களில் கேட்கவே வேண்டாம், சோனியில் 18 மி.மீ. இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல லென்ஸைப் பிரித்து மேய்ந்தவர்களை அறிவேன். முதலில் அது பிறந்த கேமராவில் மாட்டிப் பாருங்கள்.

அங்கும் மலை தெளியவில்லை என்றால் முடிவிலியைச் சரிசெய்ய வேண்டும். ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை வால்வு தேய்க்கும் பேஸ்ட்டால் தேய்த்துப் பனிக்கண்ணாடியாக்கி, கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்க்க வைத்து, ஷட்டரை ‘பி’யில் திறந்து வைத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கோவைக்காரர்களுக்கு மேற்கே இயற்கையே சோதனை அட்டை வைத்திருக்கிறது. காலை வெயில் படும்போது மொட்டை மாடியிலிருந்து மருதமலை ராஜகோபுரம், அதற்கும் பின்னால் மலை முகட்டின் கோடு. கோபுரத்தின் விளிம்பு கத்தி போலத் தெரியும் இடத்தில் லென்ஸை நிறுத்தி, வளையத்தின் மூன்று திருகைத் தளர்த்தி, வளையத்தை மட்டும் முடிவிலிக் குறிக்குத் திருப்பி இறுக்கினால் வேலை முடிந்தது. மதியத்துக்குப் பிறகு கானல் அலையில் இதைச் செய்தால் ஏமாந்து போவோம்.

நான்காவது கோளாறு, எங்கும் கூர்மையின்மை. பெரும்பாலும் இது முந்தைய ரிப்பேரின் விளைவு. பூஞ்சை துடைக்கப் போனவர் ஒரு கண்ணாடியை முன்பின் மாற்றிப் போட்டிருப்பார். அல்லது தாளைவிட மெல்லிய வாஷர் ஒன்று மேசையோடு போயிருக்கும். யாஷிகா மேட் போன்ற இரட்டை லென்ஸ் கேமராவில் மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படத்துக்கு. மேலே தெளிவாகத் தெரிந்தும் படம் மங்கினால் இரண்டுக்கும் இடையே ஒத்திசைவு போய்விட்டது. கீழ் லென்ஸுக்குப் பனிக்கண்ணாடி வைத்து, மேல் லென்ஸை அதற்கேற்றபடி மாற்ற வேண்டும். பூஞ்சையைப் பொறுத்தவரை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மழை மறைவும் கோவையைக் கொஞ்சம் காப்பாற்றுகின்றன. வால்பாறையில் தோல் உறைக்குள் வைத்த லென்ஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். கேமராவை அதிலிருந்து வெளியே எடுத்து வைப்பதே முதல் மருத்துவம்.

பரோடாவில் செய்து இந்தியா முழுக்க விற்ற அக்ஃபா கிளிக் 3-க்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. அதில் ஃபோகஸ் வளையமே கிடையாது.

இதையெல்லாம் யார் செய்வது? ஸ்டுடியோக்களைச் சுற்றி இருந்த பழைய மெக்கானிக்குகள் ஒவ்வொருவராய் ஓய்ந்துவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது எழுத்தில் வரவில்லை. ஆனால் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் பல வாய் மரையை நகத்தால் தடவியே எண்ணத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது கண்ணாடியின் முன்பின் மட்டுமே, அதை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். கேமராக்காரருக்கோ கண்ணாடி தெரியும், மரை தெரியாது. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க நம் பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் ஒரு சிறு பட்டறை நடத்தினால் போதும். மாணவர்களுக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பாவின் ஐசோலெட்டை இருபது வருடம் கழித்து மறுபடி திறந்தேன். பச்சைக் கிரீஸ் ஒன்பதாம் நாள் விட்டுக்கொடுத்தது. ஷட்டர் இதழ்களைக் கழுவி, மருதமலையைப் பார்த்து முடிவிலியை வைத்தேன். இப்போது படமெடுக்கிறது.

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒன்று இருக்கும். எண்ணெய் விடாதீர்கள். திறப்பதாக இருந்தால் மரை விலகும் இடத்தில் கோடு போடுங்கள். எந்தத் திருகு எங்கிருந்து வந்தது, என்ன கிரீஸ் போட்டீர்கள், எந்தத் தேதி என்று ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதி கேமராவோடு வையுங்கள். இன்னும் முப்பது வருடம் கழித்து அதைத் திறக்கப்போகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.